தீனோஸ் தீவில் பன்னிரண்டு நாள்

நால்வரும் ஒன்றாக ஒரு விடுமுறை செல்வோம் என்று நாங்கள் பேசிக்கொண்ட பேச்சுக்கு இருபது வயதாகியிருந்தது. ஜெர்மனியில் ஒரே மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் இரவு பகலாக உடனுழைத்த செவிலியர் நாங்கள். ஒருத்தி அந்நாட்டுக்காரி, ஒருத்தி போலந்திலிருந்து வந்தவள், ஒருத்தி கிரேக்கப் பெண், நான்காமவள், திண்டுக்கல் சீமையில் பிறந்து 1982-இல் அங்கே போய்ச் சேர்ந்த நான். ஒருத்திக்கு விடுப்புக் கிடைத்தால் மற்றவளுக்கு இரவுப் பணி. மற்றவளுக்கு ஓய்வு என்றால் இன்னொருத்தி வீட்டில் குழந்தைக்கு அம்மை. இப்படியே ஆண்டுகள் கழிந்தன. 2019-ஆம் ஆண்டு போலந்துத் தோழியும் நானும் ஒரே மாதத்தில் பணி ஓய்வு பெற்றபோது கிரேக்கத் தோழி, "இனிச் சாக்குச் சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. ஜூலையில் என் தாயார் வீட்டுக்கு வாருங்கள். கடலும் இருக்கிறது, கட்டிலும் இருக்கிறது" என்று அழைத்தாள்.

ஏதென்ஸ் நகருக்குக் கிழக்கே ராஃபீனா என்னும் துறைமுகத்தில் கப்பலேறினால் நான்கு மணி நேரத்தில் தீனோஸ் தீவை அடையலாம். எஜியன் கடலில் சிதறிக் கிடக்கும் சைக்ளேடீஸ் தீவுக் கூட்டத்தில் அது ஒன்று. மேல்தளத்தில் எங்களுக்கு இருக்கை கிடைத்தது. ஜெர்மன் தோழி ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்து, "பொதுச் செலவு" என்று தலைப்பிட்டு, நால்வரிடமும் தலைக்கு நூறு யூரோ வாங்கிக்கொண்டாள். நோயாளியின் உடல் வெப்பத்தைக் குறிப்பது போலவே காப்பிச் செலவையும் அவள் குறிப்பாள் என்பது நாங்கள் அறிந்ததே. கிரேக்கத் தோழி மட்டும் பேச்சில் கலவாமல் கம்பியைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றாள். சொந்த ஊர் நெருங்குகிறது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

துறைமுகத்தில் இறங்கியதுமே கண்ணில் படுவது ஒரு நீண்ட தெரு. கரையிலிருந்து குன்றின்மேலுள்ள மாதா கோவில் வரை நேராக ஏறிச் செல்கிறது. தெருவின் ஓரமாக நெடுகிலும் ஒரு கம்பளம் பதித்திருக்கிறார்கள். முழந்தாளிட்டும் கைகளை ஊன்றியும் மேலேறிச் செல்லும் யாத்திரிகர்களுக்காக அது. 1822-இல் இத்தீவின் மலைமடத்துக் கன்னியாகிய பெலாகியாவுக்குக் கனவில் காட்சி கிடைத்ததாகவும், அதன்படி தோண்டிப் பார்த்ததில் 1823 ஜனவரி 30 அன்று மாதாவின் திருப்படம் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்ததாகவும் வரலாறு. கிரேக்க நாடு துருக்கியரோடு விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஆகவே அந்தப் படம் பக்திக்கும் நாட்டுப்பற்றுக்கும் ஒருங்கே அடையாளமாயிற்று. ஆகஸ்ட் 15 பெருவிழாவன்று தீவு கொள்ளாத கூட்டம் கூடுமாம். 1940-இல் அதே விழா நாளில், துறைமுகத்தில் நின்றிருந்த எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை ஓர் இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. இரு நாடுகளுக்குமிடையே அப்போது போர் தொடங்கியிருக்கவில்லை.

கோவில் கிழக்குத் திருச்சபையைச் சார்ந்தது. ஆயினும் போலந்துத் தோழி, "மாதா எந்தச் சபை என்றா கேட்கப் போகிறாள்?" என்று சொல்லிவிட்டு, கைப்பையை ஜெர்மன் தோழியிடம் நீட்டினாள். தெருவின் பாதிவரை நடந்தே வந்தவள், அங்கே கம்பளத்தில் மண்டியிட்டாள். அவளுடைய வலது முழங்காலில் முந்தைய ஆண்டுதான் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அவளுக்குக் கட்டுப் பிரித்தவளே நான்தான். "வேண்டாம்" என்று தடுக்க வாயெடுத்தேன். ஜெர்மன் தோழி என் கையை அழுத்தினாள். ஞானஸ்நானமும் பெறாதவள், கோவில் பக்கமே போகாதவள் அவள். ஆனால் ஒரு கையில் தோழியின் பையும் மறு கையில் தண்ணீர்ப் புட்டியுமாக, அந்த வெயிலில் அரை மணி நேரம் அவளோடு அங்குலம் அங்குலமாக ஏறினாள். என்ன நேர்ச்சை என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழங்காலிட்டுச் செல்வோரைச் சிறு வயது முதலே கண்டிருக்கும் எனக்கு அந்தத் தெரு அந்நியமாகத் தோன்றவில்லை. கோவிலுள்ளே விளக்குகளுக்குக் கீழே வெள்ளியாலான கப்பல்கள், கால், கை, தொட்டில் எனக் காணிக்கைகள் தொங்கின. அந்தத் தொட்டிலை நான் சற்று நேரம் பார்த்து நின்றேன். ஏன் நின்றேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோழியின் தாயார் வீடு, துறைமுகத்துக்கு மேலே மலைச்சரிவில் அமைந்த ஒரு கத்தோலிக்கச் சிற்றூரில் இருந்தது. கிரேக்க நாட்டில் கத்தோலிக்கரா என்று வாசகர்கள் வியக்கலாம். வெனிஸ் நகரத்தார் 1715 வரை ஐந்நூறு ஆண்டுகள் இத்தீவை ஆண்டனர். அதன் விளைவாக இன்றும் தீனோஸின் பல சிற்றூர்கள் கத்தோலிக்க ஊர்களே. அக்காலத்தில் பரவிய மற்றொன்று புறாக்கூடுகள். வயல் வரப்புகளில் இரண்டு மாடிக் கோபுரங்களாக, முக்கோணம், சூரியன் என்று பலகைக்கல்லால் பின்னல் வேலை செய்து கட்டியிருக்கிறார்கள். இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் புறா வளர்த்த அந்தக் கூடுகள், மனிதர் குடியிருந்த வீடுகளைவிட அழகாக இருக்கின்றன!

தாயாருக்கு அப்போது எழுபத்தேழு வயது. கறுப்பு உடை, கால் சற்று இழுக்கும், கண்ணில் மட்டும் ஒரு குறும்பு. எங்களைக் கண்டதும் ஜெர்மன் மொழியில், "வாருங்கள் பெண்களே, கை கழுவுங்கள்" என்றார். வியந்துபோனோம். 1960-இல் ஜெர்மனி கிரேக்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அங்கு சென்ற பல்லாயிரம் தொழிலாளர்களில் அவரும் அவர் கணவரும் இருவர். 1968-இல் புறப்பட்டு, முப்பது ஆண்டுகள் தொழிற்சாலையில் உழைத்து, கணவர் இறந்த பிறகு தீவுக்குத் திரும்பியவர். அவருடைய ஜெர்மன், இலக்கணம் இல்லாத பட்டறை ஜெர்மன். என்னுடையதும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. ஆகவே எங்கள் இருவருக்கும் முதல் நாளே ஒத்துப்போயிற்று. நான் அவரை "அம்மா" என்றே அழைத்தேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. சமையலறையிலிருந்து "இந்தியப் பெண்ணே, உன் அம்மா கூப்பிடுகிறாள்" என்று குரல் கொடுப்பார்.

முதல் ஆறு நாட்களும் விடுமுறை விடுமுறையாகவே கழிந்தது. காலையில் கடல், நண்பகலில் உறக்கம், மாலையில் ஏதேனும் ஓர் ஊர். நான் நீச்சல் அறியாதவள். இடுப்பளவு நீரில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, மூவரும் முதுகுக்கடியில் கை கொடுத்து, "மூச்சை விடாதே, விடாதே" என்று கூவிய காட்சியை அந்தக் கடற்கரையினர் மறந்திருக்க மாட்டார்கள். வோலாக்ஸ் என்ற ஊரில், பூதங்கள் பந்தாடி விட்டுப் போனாற்போல வீட்டினும் பெரிய உருண்டைக் கருங்கற்கள் வயலெங்கும் கிடக்கின்றன. அவற்றினிடையே அமர்ந்து கூடை முடைகிறார்கள். சிறு சச்சரவுகளும் இல்லாமலில்லை. போலந்துத் தோழி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வெந்நீர் வைப்பாள். ஜெர்மன் தோழியின் குறிப்பேட்டில் நான்கு யூரோ கணக்கில் இடித்து ஒரு மாலை முழுவதையும் கெடுத்தது. நோயாளிகளின் நடுவே இருபத்தைந்து ஆண்டு பழகியவர்களுக்கு, ஒருவர் குறட்டையை ஒருவர் கேட்டுப் பழக்கமில்லை அல்லவா!

ஞாயிறன்று ஊர்க்கோவில் திருப்பலிக்குத் தாயாரோடு சென்றேன். மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் 'கீரியே' வேண்டல் தொடங்கியதும் என் வாய் தானாக முணுமுணுத்தது. என் பாட்டியார் காலத்து இலத்தீன் பூசையில் இருந்த கிரேக்கச் சொல் அது. எங்கள் ஊரில் பொருள் தெரியாமல் பாடியதை இங்கே கடைக்காரரும் ஆட்டிடையரும் தம் வீட்டு மொழியாகச் சொன்னார்கள்.

பிர்கோஸ் என்ற பளிங்குச் சிற்பிகளின் ஊருக்குச் சென்ற அன்றுதான் முதல் விரிசல் தெரிந்தது. கிரேக்க நாட்டின் பெரும் சிற்பியாகிய யனூலிஸ் ஹலேபாஸ் 1851-இல் பிறந்த வீடு அங்கே காட்சிக் கூடமாக உள்ளது. இளமையிலேயே புகழ் பெற்ற அவருக்கு மனம் பேதலித்தது. பதினான்கு ஆண்டுகள் கோர்ஃபூ தீவின் மனநோய் விடுதியில் இருந்தார். வீடு திரும்பிய பின், சிற்பக் கலைதான் மகனைப் பித்தனாக்கியது என்று நம்பிய தாய், அவரைச் செதுக்க விடவில்லை. களிமண்ணில் எதையாவது செய்தால் உடைத்துவிடுவாளாம். 1916-இல் தாய் இறந்தாள். அதன் பிறகே, அறுபத்தைந்து வயதில், அவர் மீண்டும் உளியெடுத்தார். 1938-இல் இறக்கும் வரை நிறுத்தவில்லை.

இதைக் கேட்ட போலந்துத் தோழி, "பாவம் அந்தத் தாய். நல்லது என்று நினைத்தல்லவா செய்தாள்" என்றாள்.

"எல்லாத் தாயும் நல்லது என்று நினைத்துத்தான் செய்கிறார்கள்" என்றாள் கிரேக்கத் தோழி. சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அன்றிரவு மொட்டை மாடியில் அவள் எங்களிடம் உண்மையைச் சொன்னாள். வீட்டை விற்க ஏற்பாடாகிவிட்டது. ஏதென்ஸ்காரர் ஒருவர், கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறார். சென்ற மாசி மாதத்தில் தாயார் வழுக்கி விழுந்து ஓர் இரவு முழுவதும் தனியே தரையில் கிடந்திருக்கிறார். குளிர்காலத்தில் இந்த ஊரில் விளக்கெரியும் வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். பெரிய நோயென்றால் எதிரிலுள்ள சீரோஸ் தீவுக்குக் கடல் கடந்து போக வேண்டும். ஆகவே அவரை ஜெர்மனிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். "இதை அவரிடம் தனியே சொல்ல எனக்குத் துணிவில்லை. நீங்கள் உடனிருந்தால் அவர் கத்த மாட்டார் என்று நினைத்தேன்" என்றாள்.

ஆக, நாங்கள் விருந்தினர் அல்லர், கேடயம். ஜெர்மன் தோழிக்குக் கோபம் வந்தது. "இதை முன்பே சொல்லியிருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன்" என்று எழுந்து போனாள். எனக்கும் வருத்தந்தான். ஆனால் அவள் காரணங்களில் குறை காண எனக்கு முடியவில்லை. நோயாளியின் மகளாக அவள் பேசியது சரி. இத்தனை ஆண்டுகளில் எத்தனை மகள்களிடம் நாங்களே அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

"இந்த வீட்டை இழப்பதில் உனக்கு வருத்தமில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு இரண்டு வயதில் என்னைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பது வயதில் வந்து அழைத்துச் சென்றார்கள். இது அவர்கள் கட்டிய வீடு. நான் காத்திருந்த வீடு" என்றாள் அவள். அதற்குமேல் பேசவில்லை.

அடுத்த நாள் காற்று தொடங்கியது. மெல்தேமி என்று அதற்குப் பெயர். கோடையில் வடக்கிலிருந்து வீசும் அக்காற்று, வானில் ஒரு மேகமும் இல்லாமல், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே புயலாக அடிக்கும். காற்று மிகுந்தால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைப் புறப்பட விடுவதில்லை. பத்தாம் நாள் எங்கள் கப்பலும் நின்றது. நாற்காலிகள் மாடியில் உருண்டன. வீட்டுக்குள்ளேயே ஐந்து பெண்கள், பேச வேண்டியதைப் பேசாமல், அடைபட்டுக் கிடந்தோம்.

அன்று மாலை மற்றவர்கள் உறங்குகையில், தாயார் என்னைச் சமையலறைக்கு அழைத்து, உப்பிட்ட கேப்பர் மொட்டுகளைத் தட்டில் கொட்டி, "ஆய்ந்து கொடு" என்றார். சற்று நேரம் இருவரும் ஆய்ந்தோம்.

"வீட்டை விற்கப் போகிறாள். எனக்குத் தெரியும்" என்றார் திடீரென்று. "வசந்த காலத்தில் நான் கோவிலிலிருந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து அளந்துவிட்டுப் போனான். இந்த ஊரில் கோழி முட்டையிட்டாலே எல்லாருக்கும் தெரியும். என்னிடம் சொல்ல அவள் எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

பிறகு என்னை வீடு சுற்றிக் காட்டினார். மாமியாரின் பழைய இரண்டறை வீட்டை, தொழிற்சாலைக் கூலியில் ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக இடித்துக் கட்டியது அது. "இந்தச் சன்னல் 1970. இந்தத் தரை 1972. அந்த ஆண்டு நாள்தோறும் மிகுதி நேரம் வேலை செய்தேன்." வீடு முழுதும் வெள்ளையடித்து, கதவுகளெல்லாம் நீல வண்ணம் பூசிப் பளிச்சென்றிருந்தது. பின்கட்டில் வெங்காயமும் எண்ணெய் டப்பாவும் வைக்கும் அறையின் கதவு மட்டும் வண்ணமில்லாத பழைய பலகை. அதைத் திறந்து உட்புறத்தைக் காட்டினார்.

ஒரு குழந்தையின் இடுப்புயரத்திலிருந்து தோளுயரம் வரை பென்சில் கோடுகள். நூற்றுக்கணக்கில். ஆங்காங்கே, நெடுந்தொலைவு விட்டு, ஒரு சிறு வட்டம். நான்கு வட்டங்கள்தான்.

"மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வரும் கப்பல் தெரியும். கப்பல் வந்து, அதில் நான் வராவிட்டால் ஒரு கோடு. வட்டம் என்பது நான் வந்த ஆகஸ்ட் மாதம். மாமியார் சாகும்போது என்னிடம் சொன்னார். அவளுக்கு நான் பார்த்தது தெரியாது. ஆண்டுதோறும் வெள்ளையடிக்கிறேன், இதை மட்டும் தொடவில்லை." கதவைச் சாத்தினார். "அவளிடம் சொல்லாதே."

நான் அந்தச் சமையலறையில் உட்கார்ந்து, முப்பத்தேழு ஆண்டாக என் தோழியரிடம்கூட முழுதும் சொல்லாத ஒன்றை அந்த அம்மாளிடம் சொன்னேன். 1982-இல் நான் விமானமேறியபோது என் மகனுக்குப் பத்து மாதம். செவிலியர் விடுதியில் குழந்தைக்கு இடமில்லை. வீட்டுக் கடனும் தங்கையின் திருமணமும் காத்திருந்தன. என் தாயாரிடம் விட்டுச் சென்றேன். 1986-இல் அழைத்துவரப் போனபோது ஐந்து வயதுப் பையன் பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பாட்டி, இவங்க எப்பப் போவாங்க?" என்று கேட்டான். வெள்ளித் தொட்டிலின் முன் நான் நின்றது அதனால்தான்.

அவர் ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. கேப்பர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் பாதி இருக்கிறது" என்றார்.

அன்று இரவு உணவுக்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். சரியா தவறா என்று இன்றும் எனக்குத் துணிந்து சொல்ல முடியாது. 'சொல்லாதே' என்றுதான் அவர் கேட்டார். நான் சொல்லவில்லை. "பின்கட்டு அறையிலிருந்து நான்கு வெங்காயம் எடுத்து வா, உள்ளே இருட்டாயிருக்கும், விளக்கைக் கொண்டு போ" என்று கிரேக்கத் தோழியிடம் கூறினேன். தாயார் என்னை நிமிர்ந்து பார்த்தார், தடுக்கவில்லை.

வெங்காயம் வர வெகுநேரம் ஆயிற்று. ஜெர்மன் தோழி போய்ப் பார்க்க எழுந்தாள். போலந்துத் தோழி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். காற்று சன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. தோழி திரும்பி வந்தபோது கையில் வெங்காயமில்லை. தாயின் எதிரே நின்று கிரேக்க மொழியில் ஏதோ கேட்டாள். அவர் ஒரு சொல்லில் விடையளித்தார். பிறகு இருவரும் உரத்த குரலில் பேசினார்கள். கத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும். நாங்கள் மூவரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்தக் காற்றில் மாடிக்குப் போய்விட்டோம். ரொட்டியைக் கையில் பிடித்துக்கொள்ளாவிட்டால் பறந்துவிடும். கீழே ஒலி அடங்க நள்ளிரவாயிற்று.

பன்னிரண்டாம் நாள் காற்றுத் தணிந்து கப்பல் வந்தது. நாங்கள் மூவர் மட்டும் ஏறினோம். அவள் மேலும் இரண்டு வாரம் இருந்து வருவதாகக் கூறிவிட்டாள். ஜெர்மன் தோழி கணக்கு முடித்து, ஆளுக்குப் பதினோரு யூரோ திருப்பிக் கொடுத்தாள். அவளுடைய பங்கையும் ஒரு உறையிலிட்டு மேசையில் வைத்திருந்தாளாம்.

வீடு அந்த ஆண்டு விற்கப்படவில்லை. தாயாரும் ஜெர்மனிக்கு வரவில்லை; மகள்தான் பணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு, குளிர்காலத்தில் அங்கே போய் இருந்தாள். கொள்ளை நோய்க் காலத்தில் 2020-இல் பல மாதங்கள் போக முடியாமல் தவித்தாள். 2022-இல் தாயார் அந்த வீட்டிலேயே இறந்தார். மறு ஆண்டு வீடு விலையாயிற்று. பின்கட்டுக் கதவை மட்டும் கழற்றித் தன்னோடு கொண்டுவந்தாள். அவள் குடியிருப்பின் நடைவழியில் இன்று அது சுவரில் சாய்ந்து நிற்கிறது. குளிர்கால அங்கிகளை அதில் மாட்டுகிறாள்.

அன்று திரும்பும் கப்பலில், தீவு கண்ணுக்கு மறையும் வரை பார்த்திருந்து, பிறகு என் மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இரு குழந்தைகளின் தந்தை. வேலை நேரத்தில் அழைக்கிறேனே என்று பதறினான். "ஒன்றுமில்லை. திண்டுக்கல்லில் பாட்டியோடு இருந்தது உனக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. கப்பலின் இரைச்சலில் தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினேன்.

"நீங்க பச்சைப் பெட்டியோட வந்தீங்க" என்றான். "அதுக்கு முன்னாடி உள்ளதும் கொஞ்சம் நினைவிருக்கும்மா. ஞாயித்துக்கிழமை வரேன். நேர்ல பேசுவோம்."